நீளமூக்கியின் முழு டேங்க்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ் நிற்கிற இடத்தில், ஒரு விமானத்தின் இறக்கையைத் தோளில் சுமந்துகொண்டு நானும் சபூராவும் நின்றிருந்தோம்.

இரண்டு பழைய போர்வைகளை அதன்மேல் சுற்றி, சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தோம். ஒரு முனை என் தோளில், மறுமுனை சபூராவின் தோளில். சித்திரை மாதம். காலையிலேயே தார் ரோடு சூடேறிவிட்டது. டீக்கடைப் பாலின் வாசமும் டீசல் புகையும் ஒன்றாக வந்தன.

கண்டக்டர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள். ஒருத்தி காட்டன் சேலை, இன்னொருத்தி கறுப்பு புர்கா.

"என்னாங்க இது, பாடையா?"

"இறக்கைங்க" என்றேன்.

"எதோட இறக்கை?"

"ஏரோப்ளேனோட."

அவர் சிரிக்கவில்லை. காலை நேரத்தில் கண்டக்டர்களுக்குச் சிரிக்க நேரம் இருக்காது. "இதெல்லாம் லோடு வேன்ல கொண்டு போகணும்மா. மடக்க முடியாதா?"

"முடியாது."

"ரெண்டா அறுத்து எடுத்துட்டுப் போயி ஒட்டிக்கிறதுதானே?"

"அறுக்க முடியாது" என்றேன். அந்தக் குரலில் நான் என் கணவரிடம்கூடப் பேசியதில்லை. கண்டக்டர் அரை அடி பின்னால் போனார்.

சபூரா குறுக்கே வந்தாள். "லக்கேஜ்னு ஒரு டிக்கெட் போட்டுக் குடுங்க தம்பி. ஆளுங்கள இடிக்காம நாங்க பாத்துக்கறோம். இடிச்சா அடுத்த ஸ்டாப்புலயே எறக்கி வுட்டுடுங்க."

பின்வாசல் வழியாகச் சாய்த்து உள்ளே ஏற்றினோம். நடைபாதை நெடுக, சீட்டுகளின் முதுகு உயரத்துக்கு மேல் அது நின்றது. வைக்க இடமில்லை, பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். பூக்கூடை வைத்திருந்த ஒரு பெண்மணி கையை நீட்டி ஒரு பக்கம் தாங்கினார். அவரைப் பார்த்து எதிர் சீட்டுக்காரர் தாங்கினார். வேகத்தடை வரும்போதெல்லாம் டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை மெதுவாக ஏற்றி இறக்கினார். பாதி பஸ் ஆளுக்கொரு கையாக அந்த இறக்கையைத் தூக்கிப் பிடித்தது.

அரியலூர் வரைக்கும் அப்படித்தான் போனோம்.

பெயரைச் சொல்ல மாட்டேன்

அது எந்த விமானத்தின் இறக்கை என்று சொல்ல வேண்டும். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் கையிலிருக்கிற போனில் அதைத் தேடிப் போய்விடுவீர்கள். என் கதை பாதியில் நிற்கும். நாங்கள் வைத்த பெயர் நீளமூக்கி. அது போதும்.

இரண்டு பெரிய யுத்தங்களுக்கு நடுவில், விமானக்காரர்களுக்குத் தூரத்தின்மேல் ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. கண்டம் விட்டுக் கண்டம் பந்தயம் வைத்தார்கள். அரபுப் பாலைவனத்தில் இறங்கி, நம் நாட்டின் தலைக்கு மேலாகப் பறந்து, ஆஸ்திரேலியா வரை போவார்கள். அந்த மாதிரி ஒரு பந்தயத்துக்காகச் சோதனையாகச் செய்யப்பட்டவள்தான் நீளமூக்கி.

ஒரே இஞ்சின். உடம்பெல்லாம் பலகை. மெலிந்து நீண்ட இறக்கை, நடுவில் ஒட்டே இல்லாத ஒரே துண்டு. மூக்கிலும் இறக்கையிலும் பெட்ரோலை நிரப்பிவிட்டதால் ஓட்டுகிறவருக்கு இடமில்லாமல் போய், அவரை வாலுக்குப் பக்கத்தில் தள்ளி உட்கார வைத்தார்கள். அங்கிருந்து அவருக்கு முன்னால் எதுவும் தெரியாது. பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். உலகத்தில் பாதியைச் சுற்றக் கிளம்புகிறவருக்கு முன்பக்கம் பார்க்க வழியில்லை. இதைக் கேட்ட நாளிலிருந்தே எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

அவள் பந்தயத்தில் ஓடவே இல்லை. வேலை முடிவதற்குள் பந்தயம் முடிந்துவிட்டது. பிறகு பாதி டேங்க்கோடு சில தடவை பறந்தாள். முழு டேங்க் ஊற்றி முயன்றபோதெல்லாம் தரையைவிட்டு எழும்பவில்லை. பாரம் அதிகம், ஓடுபாதை போதவில்லை. செய்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் பிரித்து விறகாக்கிவிட்டார்கள்.

சபூரா வளைகுடாவில் இருந்தபோது, பழைய விமானநிலையம் ஒன்றை மியூசியமாக்கியிருந்த இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே சுவரில் நீளமூக்கியின் படம். அதை போனில் எடுத்து எனக்கு அனுப்பினாள். கூடவே ஒரு வரி: "இவளப் பாருடி, நம்மள மாதிரியே இருக்கா."

ரெக்கார்டு எழுதச் சொன்னவர்

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கச் சேர்ந்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அந்த வகுப்பில் இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி நான், இன்னொருத்தி சபூரா.

அவள் லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்தாள். அவள் வீட்டு ஆண்கள் எல்லாம் வியாபாரத்திலோ வெளிநாட்டிலோ இருந்தார்கள். நான் விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்து ஊர். என் அப்பா அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நட்டார்கள், அறுத்தார்கள். பிறகு அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போனார். வெள்ளைத் தூசியோடு வீடு திரும்பும் அவரைத் தெரு நாய்கள்கூட முதலில் அடையாளம் தெரியாமல் குரைக்கும்.

லேத் வகுப்பின் முதல் நாள், எங்கள் பயிற்றுநர் எங்கள் இரண்டு பேரின் தாவணியைக் காட்டி, "இது மெஷின்ல சிக்கும். நீங்க ரெண்டு பேரும் ஓரமா உக்காந்து ரெக்கார்டு எழுதுங்க, மார்க் போட்டுர்றேன்" என்றார்.

மறுநாள் நான் என் அண்ணன் காசியின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். போனால் சபூரா அவள் அண்ணன் சட்டையில் நிற்கிறாள். நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தலையில் முக்காட்டை இறுக்கி ஊசி குத்தியிருந்தாள். பயிற்றுநர் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு மெஷினைக் காட்டி, "சரி, ஆன் பண்ணு" என்றார்.

டிப்ளமோ முடிந்ததும் அவளுக்கு நிக்காஹ் ஆனது. கணவரோடு வெளிநாடு போனாள். நான் பெரம்பலூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். வருடங்கள் ஓடின.

கணவர் மவுத்தான பிறகு சபூரா ஊருக்குத் திரும்பினாள். பெட்டியில் பேரீச்சம்பழத்துக்கும் போர்வைக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்ரோல் இஞ்சின் இருந்தது. மாதிரி விமானங்களுக்கு வைக்கிற இஞ்சின். கொழுந்தனார் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இந்த வயசுல இது எதுக்கு மச்சி?" என்று கேட்டிருக்கிறார். அவர்கள் வீட்டில் அண்ணியை மச்சி என்பார்கள்.

அவள் சொன்ன பதிலை எனக்கு அப்படியே திருப்பிச் சொன்னாள். "புள்ளைங்களுக்குக் கல்யாணம் பண்ணிக் குடுத்தாச்சு. ஓத வேண்டியத ஓதியாச்சு. இனிமே நான் என்னா பண்ணணுங்கறத நான்தான் சொல்லணும்."

தொங்கட்டும் என்றார்

அந்தச் சமயம் எங்கள் கல்லூரியில் மெக்கானிக்கல் பிரிவை மூடினார்கள். பிள்ளைகள் சேரவில்லை. எல்லாருக்கும் கம்ப்யூட்டர்தான் வேண்டியிருந்தது. என்னைப் பெண்கள் ஹாஸ்டலுக்கு வார்டனாகப் போட்டார்கள். ஒர்க்‌ஷாப் சாவியை மட்டும் யாரும் என்னிடமிருந்து வாங்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹாஸ்டல் காலியாக இருக்கும். சபூரா பஸ் பிடித்து வருவாள். ஒர்க்‌ஷாப்பின் நீள மேஜையில் நீளமூக்கியைச் செய்ய ஆரம்பித்தோம். உண்மையான விமானத்தைச் சுருக்கிய மாதிரி, ஆனால் பறக்க வேண்டிய மாதிரி. இழைத்த பால்சா கட்டையின், அந்தப் பஞ்சு எடை மரத்தின், தூள் மூக்கில் ஏறும். பசையின் காரம் கண்ணில் நிற்கும். மேலே ஒட்டுகிற சிவப்புத் தாளை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால், சுருங்கி முரசுத் தோல்போல் இறுகும். விரலால் தட்டினால் டொம்மென்று பேசும்.

தரையில் நின்று ரிமோட்டில் ஓட்டவும் பழக வேண்டியிருந்தது. தெர்மாகோலில் செய்த ஒரு சின்ன விமானத்தை வைத்துக் கல்லூரி மைதானத்தில் பழகினேன். வேப்ப மரத்தில் மாட்டினேன். கேன்டீன் தகரத்தில் இறக்கினேன். ஹாஸ்டல் பெண்கள் ஜன்னலில் நின்று கைதட்டினார்கள், பெரும்பாலும் நான் மோதும்போது.

ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஒருநாள் கல்லூரித் தாளாளர் ஒர்க்‌ஷாப்பைப் பார்க்க வந்தார். அதை எடுத்துவிட்டு கம்ப்யூட்டர் லேப் போடுவதற்காக. மேஜைமேல் முழுசாக நின்ற நீளமூக்கியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது.

"பிரமாதம்மா. அட்மிஷன் நேரம் வருது. ரிசப்ஷன்ல மேல தொங்கவிடுவோம். கீழேருந்து லைட்டு போட்டா அட்டகாசமா இருக்கும். உங்க பேரையும் சின்னதா எழுதிடலாம்."

"பறக்கவிட்டுட்டு வந்து தரேன் சார்."

"பறக்கவிட்டு ஒடைஞ்சா? ஒடைஞ்சத எங்க தொங்கவிடறது?"

"இது தொங்கறதுக்குச் செஞ்சதில்ல சார்."

அவர் முகம் மாறியது. "காலேஜ் ஷெட்ல செஞ்சது காலேஜோடதுதானேம்மா."

"மரமும் இஞ்சினும் நாங்க வாங்கினது. ஷெட்டு மட்டும்தான் உங்களது. அத இங்கேயே வுட்டுட்டுப் போறோம்."

"அப்ப வார்டன் வேலை?"

எனக்கு ஓய்வு பெற இன்னும் வருடங்கள் இருந்தன. கணவருக்கு நிரந்தர வருமானம் கிடையாது. பயம் இல்லை என்று எழுதினால் அது பொய். வாய் மட்டும் அதற்குள் பேசிவிட்டது.

"அதையும்தான் சார்."

விமானத்தின் உடம்பு சபூராவின் அண்ணன் காரில் அன்றைக்கே எங்கள் ஊருக்குப் போய்விட்டது. இறக்கை காரில் நுழையவில்லை. மறுநாள் வருவதாகச் சொன்ன லோடு வேன்காரர், கல்லூரி ஹாஸ்டலுக்கு மளிகை ஏற்றுகிறவர். காலையில் போன் செய்து, "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, எனக்குப் பொழப்பு அங்கதான்" என்று வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. நாங்கள் இருவரும் இறக்கையைத் தோளில் வைத்துக்கொண்டு கல்லூரியின் முன்வாசல் வழியாகவே நடந்து வெளியேறினோம். அந்தப் பஸ் பயணம் அப்படி வந்தது.

ஏரிக்குள் வேலி

எங்கள் ஊர் ஏரி சித்திரையில் காய்ந்து கிடக்கும். நடுவில் களிமண் இறுகி சிமெண்டுத் தரைபோல் இருக்கும். காசி அண்ணன் எங்களுக்காகக் கல்லையும் கட்டையையும் பொறுக்கி ஒரு பாதை ஒழுங்கு செய்திருந்தார். போலீஸ் ஸ்டேஷனில் முன்கூட்டியே சொல்லியிருந்தோம். கேமரா இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றோம். ஆட்கள் தலைக்கு மேல் விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பறக்கவிடுகிற நாளன்று காலையில் எங்கள் தெருவே கரையில் வந்து நின்றது. அந்தத் தெருவில் இன்றைக்கு நர்ஸ் இருக்கிறாள், பஸ் டிரைவர் இருக்கிறார், காசி அண்ணனைப்போல் வெல்டர்கள் இருக்கிறார்கள். விமானம் விடுகிறவள் மட்டும் அதுவரை இல்லை.

இறக்கையைப் பூட்டினோம். டேங்க்கை நிரப்பினோம். காற்று மேற்கிலிருந்து வந்ததால், அதை எதிர்த்து மேற்குப் பார்த்து ஓட வேண்டும். மேற்கு ஓரத்தில்தான் வேலி இருந்தது.

ஊரில் செல்வாக்கான ஒருவர், ஏரியின் அந்தப் பக்கத்தைக் கருவேல முள்வேலி போட்டு வளைத்துப் பல வருடங்களாக உளுந்து விதைத்துவந்தார். அவர் பெயரும் வேண்டாம், வேலிக்காரர் என்றே சொல்கிறேன். அன்றைக்கு அவரும் வந்து, வேலியோரம் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார்.

நீளமூக்கி ஓடினாள். ஓடிக்கொண்டே இருந்தாள். வால் தூக்கியது, சக்கரம் தரையை விடவில்லை. வேலிக்குச் சற்று முன்னால் நான் இஞ்சினைக் குறைத்துவிட்டேன். அவள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி நின்றாள்.

"இது பறக்கவா, இல்ல ஏரிய உழவா?" என்று வேலிக்காரர் கேட்டார். கரையில் சிரிப்பு எழுந்தது. எங்கள் தெரு ஆட்களும் சிரித்தார்கள்.

அண்ணன் ஓடி வந்தார். "பெட்ரோல பாதி எறக்கிடு அஞ்சலை. லேசாயிடும், தூக்கிடும்."

சபூரா என்னைப் பார்த்தாள். பாதி இறக்கினால் அந்த நிமிடமே பறப்பாள் என்று இருவருக்கும் தெரியும். உண்மையான நீளமூக்கியும் பாதி டேங்க்கில் பறந்தவள்தான். அதற்கா இத்தனை நாள் தூள் தின்றோம்?

"முழுசாவே போவட்டும்ணே. தரைதான் பத்தல. வேலிய எடுத்தா பத்தும்."

அண்ணன் முகம் சுருங்கியது. நான் வேலிக்காரரிடம் நடந்தேன்.

"இந்த முள்ளக் கொஞ்சம் ஒதுக்கிக்கிறோங்க. உளுந்து எடுத்தாச்சு, வெறுந்தரைதானே."

"என் நெலத்துல எவளும் வண்டி ஓட்ட வேணாம்."

"உங்க நெலமாங்க? ஏரிக்குள்ளயா?"

மரியாதை குறையாமல்தான் கேட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை எங்கள் தெருவிலிருந்து யாரும் அவரிடம் வாய்விட்டுக் கேட்டதில்லை. கரையில் சிரிப்பு நின்றது. அவர் பைக்கை விட்டு நிமிர்ந்தார்.

"டவுன்ல ரெண்டெழுத்து படிச்சிட்டா ஊருல வந்து சட்டம் பேசுவியா? உங்கப்பன் இங்க தலை குனிஞ்சு நின்னவன், தெரியுமில்ல?"

"தெரியுங்க" என்றேன். "அதான் நான் நிமிந்து கேக்கறேன்."

அப்போது என் பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டது. காசி அண்ணனின் மனைவி, என் அண்ணி பச்சையம்மாள், கவட்டைக் கம்பு ஒன்றைக் கொண்டுவந்து முதல் முள்ளைத் தூக்கி ஓரமாய் இழுத்துக்கொண்டிருந்தாள். தினமும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்த வேலியைச் சுற்றிப் போகிறவள் அவள். அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து பெண்கள் இறங்கினார்கள். பிறகு ஆண்கள்.

"வி.ஏ.ஓ.கிட்ட போவேன்" என்றார் வேலிக்காரர்.

"போங்க" என்றாள் அண்ணி, திரும்பிக்கூடப் பார்க்காமல். "வர்றப்ப, அளக்கற சங்கிலியையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. எது ஏரி, எது உங்க நெலம்னு எல்லாரும் பாத்துக்குவோம்."

எடுத்த போனை அவர் பையிலேயே போட்டுக்கொண்டார். அளந்தால் என்ன வரும் என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

முழு டேங்க்

இரண்டாவது முறையும் கிழக்குக் கரையை ஒட்டியே நிறுத்தினோம். சபூரா இஞ்சினைச் சுழற்றிவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்று பிஸ்மி சொன்னாள். ஓடுகிறபோது அவள்தான் என் கண்.

"தூக்காத. இன்னும் தூக்காத. வேகம் வரட்டும்."

வேலி இருந்த இடம் நெருங்கியது. என் கட்டைவிரல் வியர்வையில் வழுக்கியது.

"இன்னும் இல்லடி. இன்னும் கொஞ்சம். இப்ப."

முள் கிடந்த கோட்டைத் தாண்டித்தான் சக்கரம் தரையை விட்டது. உளுந்துக் கட்டைகளுக்கு மேல் ஒரு முழ உயரத்தில், விழுந்துவிடுவாள் என்கிற மாதிரி தள்ளாடிப் போனாள். பிறகு மூக்கை மெதுவாக உயர்த்தி மேல்கரைப் பனைமரங்களின் தலையைத் தாண்டினாள். சிவப்பு இறக்கை வெயிலில் ஒருமுறை சாய்ந்து திரும்பியது.

யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சபூரா மட்டும் அழுதுகொண்டிருந்தாள். அழுதுகொண்டே, "எடது பக்கம் காத்து அடிக்குது, பாத்து" என்றாள்.

ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தாள் நீளமூக்கி. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பார்த்துப் பார்த்துச் சலித்துச் சிலர் நிழலுக்குப் போனார்கள். ஆடுகள் திறந்துகிடந்த வழியே மேற்குப் பக்கம் நுழைந்து மேய்ந்தன. அண்ணாந்து பார்த்து என் கழுத்து மரத்துப்போனது. சபூரா எனக்குக் குடை பிடித்தாள். கையை எடுக்க முடியாததால் அவளே தண்ணீரை என் வாயில் ஊற்றினாள். பாதி கழுத்தில் வழிந்தது, சுகமாக இருந்தது.

உச்சி வெயில் சாய்ந்தபிறகு இஞ்சின் இருமியது. இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. ஏரியில் திடீரென்று அத்தனை அமைதி. கடைசிச் சொட்டுவரை எரித்துவிட்டு அவள் வெறும் காற்றில் வழுக்கி வந்துகொண்டிருந்தாள். காற்றைக் கிழிக்கிற மெல்லிய விசில் மட்டும் கேட்டது. தரையைத் தொட்டாள், உருண்டாள், களிமண் வெடிப்பு ஒன்றில் ஒரு சக்கரக் கால் இறங்கி முறிந்தது. வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். இறக்கைக்கு ஒரு கீறலும் இல்லை.

முறிந்த காலை மறுவாரமே காசி அண்ணன் செய்து கொடுத்துவிட்டார். நானும் சபூராவும் இப்போது பெரம்பலூரில் ஒரு ஷெட் எடுத்து, வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன்களைப் பழுது பார்க்கிறோம். வருமானம் வார்டன் சம்பளம் அளவுக்கு இன்னும் வரவில்லை. அதைப் பற்றிப் பிறகு எழுதலாம். அன்றைய மதியத்தை முடித்துவிடுகிறேன்.

கரைக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் பசி தெரிந்தது. அண்ணி ஏரிக்குள்ளேயே மூன்று கல்லைக் கூட்டி, பெரிய பானையில் சோறு வைத்திருந்தாள். பக்கத்தில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. வேலிக்காரர் இன்னும் போகவில்லை. போவதா நிற்பதா என்று தெரியாமல் பைக் அருகிலேயே இருந்தார்.

"வாங்க, ஒரு வாய் சாப்ட்டுப் போங்க" என்று சபூரா அவரைக் கூப்பிட்டாள். கேலியாகக் கூப்பிடவில்லை. சோற்று நேரத்தில் யார் நின்றாலும் அவள் கூப்பிடுவாள்.

அவர் பார்வை அடுப்பில் இருந்தது. பல வருடம் வெயிலில் காய்ந்த முள், நெருப்பைப் பிடித்துப் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே மிச்ச வேலி, விறகாய் உடைத்து அடுக்கியிருந்தது.

அண்ணி அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து இன்னொரு கட்டு முள்ளை இழுத்து அடுப்புக்குள் தள்ளினாள்.